தமிழ்செல்வன் அண்ணாச்சி மூடவிடாத புகார்

மாரீஸ்வரி காலையில் எழுந்ததும் முதலில் படிப்பது யாரோ தன்னைத் திட்டி எழுதியதைத்தான். பல் விளக்குவதற்கு முன்பே படித்துவிடுவாள். "எப்படியும் படிக்கத்தானே போறேன். வெறும் வயித்துல படிச்சா கொஞ்சம் கம்மியா எரியுது" என்பாள்.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் அவள் வீடு இரண்டாம் மாடியில், எங்களுடையது மூன்றாம் மாடியில். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, வேலையும் தேடாமல் வீட்டிலும் இருப்புக்கொள்ளாமல், பாதி நாள் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை. அதனால் இதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்தது. மீதி அவள் புலம்பிக் கேட்டது.

மாரியக்கா தாராவியில் பிறந்து வளர்ந்தவள். குர்லாவில் ஒரு கூரியர் கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை. கணவர் அணுசக்தி நகர் ஊழியர்களுக்கான பஸ் ஓட்டுகிறார். அவள் வாங்குகிற திட்டுக்கும் கூரியருக்கும் சம்பந்தம் இல்லை. திட்டெல்லாம் 'உருமாற்றி'க்காக.

கணினியில் எழுதுவதற்கு இலவசமாக ஒரு எடிட்டர் கிடைக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற ஒரு சின்னத் துணைநிரல்தான் உருமாற்றி. அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகப் போய்ச் சேரும். கல்யாண வீட்டார் இப்போது பத்திரிகையைக் காகிதத்தில் கேட்பதற்கு முன் கைப்பேசியில் கேட்கிறார்கள். கோப்பைச் சேமிக்கும்போதே உருமாற்றி, அடித்ததை அப்படியே விட்டுவிட்டு, எங்கும் படிக்கக்கூடிய தமிழாக மாற்றித் தனிப் பிரதியாகத் திரையில் காட்டிவிடும். யாரும் காசு தர வேண்டாம். யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

"யார் வேணும்னாலும் திருத்தலாம்னு எழுதிப் போட்டா ஒருத்தனும் திருத்த மாட்டான். வேணும்னாப் போட்டுப் பாரு" என்பாள் மாரியக்கா.

உருமாற்றியை முதலில் எழுதியவளும் அவள் இல்லை. எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு சின்னத் திருத்தம் செய்து அனுப்பியிருக்கிறாள். அவர் நன்றி சொல்லி, மொத்தப் பொறுப்பையும் அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார்.

"பஸ்ல ஜன்னல் ஆடுதேன்னு எழுந்து சாத்தினேன். திரும்பிப் பாத்தா டிரைவர் எறங்கிப் போயிட்டான். ஏறி உக்காந்திருக்கிற சவாரியெல்லாம் என்னையப் பாத்துக் கத்துது."

புகார்கள் ஒரு பொதுப் பக்கத்தில் வரும். உலகமே படிக்கலாம். 'வேலை செய்யவில்லை' என்ற இரண்டே சொல்லோடு வருவது உண்டு. ஒருவர் கணினித் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல். இன்னொருவர் தன் பிரின்டர் காகிதத்தை இழுக்கவில்லை, ஏன் என்று கேட்டிருந்தார். அதற்கும் மாரியக்கா பதில் எழுதினாள். ஏன் எழுதுகிறாய் என்று எரிச்சலோடு கேட்டேன். "எழுதலேன்னா திமிர் புடிச்சவம்பான்" என்றாள். எழுதியபின் அந்த ஆள் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம்.

இப்படியே போயிருக்கும். நடுவில் ஐரோலியில் இருந்து அழைப்பு வந்தது.

அங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில், சோதனைப் பிரிவில் ஒரு வேலை. முதல் சுற்று தாண்டிவிட்டாள். இரண்டாம் சுற்று வெள்ளிக்கிழமை. அதற்குள் அவளுடைய திட்டப் பக்கத்தைப் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மாரியக்கா படித்தது பி.காம். கணினிப் பட்டம் கிடையாது. கூரியர் கம்பெனியில் அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். அவள் நாற்காலி மட்டும் அதே ஜன்னலோரம். 'எனக்கும் இந்த வேலை தெரியும்' என்று காட்ட அவளிடம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கத்தைத் திறந்தால் தலைமாட்டில் நிற்பது தமிழ்செல்வன் அண்ணாச்சியின் புகார். அதிகம் பேர் பார்த்த புகார் மேலே ஏறி நிற்கும் என்பது அந்தத் தளத்தின் வழக்கம். தமிழ்செல்வன் தாராவியில் அச்சகம் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார். பம்பாய்க்காரர்கள் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று ஆங்கில எழுத்தில் ஹிந்தியில் எழுதியிருந்தார்: "பில்குல் பேக்கார். கோயி மத் லேனா." அடியோடு உதவாது, யாரும் எடுக்காதீர்கள்.

அவருக்கு உருமாற்றி தமிழைத் தமிழாக மாற்றாமல் கண்டபடி குப்பையாக மாற்றிக் கொடுத்தது. எல்லாக் கோப்பையும். ஆனால் அவர் அனுப்பும் மேட்டரை, அதாவது அச்சுக்கு அடித்த வாசகத்தை, மாரியக்கா தன் கணினியில் போட்டால் சுத்தமாக மாறும். முழுக் கோப்பையும் அனுப்பச் சொன்னபோதும் அப்படித்தான். "இங்கே சரியாக வருகிறது" என்று எழுதி, தீர்ந்தது எனப் புகாரை மூடுவாள். மறுநாளே அவர் திறப்பார். மறுபடி மூடுவாள். மறுபடி திறப்பார். கடைசியில், புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து இரண்டே வரி அடித்துச் சேமித்துப் பார்க்கச் சொன்னாள். "வேறு எதுவும் இருக்கக் கூடாது" என்று அழுத்தி எழுதினாள். அவர் பதில் வந்தது: "ரெண்டே வரிதான். வேற ஒண்ணும் இல்ல. பேக்கார்." அதே இரண்டு வரியை இவள் அடித்துப் பார்த்தாள். பளிச்சென்று வந்தது.

மான்குர்த்தில் பத்திரிகை அடிக்கும் அப்துல் ரவூப் பாயிடமிருந்தும் இதே புகார். அவர் சாது. "நேரம் கிடைச்சாப் பாருங்க தங்கச்சி" என்று முடிப்பார். அது இன்னும் குத்தும் என்பாள் மாரியக்கா.

"அழிச்சிடு அக்கா. உன் பக்கம்தானே" என்றேன்.

"அழிச்சா சரியாயிடுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்காவது அவங்க கண்ணுல படாதுல்ல."

"அழிச்சா அந்த மனுஷன் புதுசா ஒண்ணு போடுவாரு. அதுல எம் பேரும் இருக்கும், எங்கப்பா பேரும் இருக்கும். எங்க தெருக்காரர்டீ அவரு, விசாரிச்சுக் கண்டுபிடிச்சிடுவாரு."

புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டாள். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் சயான் வரைக்கும் போனோம். இறங்கி நடக்கும்போது, "அந்த ஆளு முன்னால நான் கத்தினா என் கையைப் பிடிச்சு இழு" என்றாள்.

அச்சகம் ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னால் காகிதம் வெட்டும் இயந்திரம், பின்னால் கணினி. தமிழ்செல்வனுக்கு ஐம்பது வயதிருக்கும். மாரியக்கா தான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அரைக் கிளாஸ் 'கட்டிங் சாய்' சொல்லி அனுப்பினார். உலகத்துக்கே கேட்கும்படி அவளைத் திட்டியவர் இவர்தான் என்று நம்ப முடியவில்லை.

"நீ நம்ம செல்லையா மகளாம்மே? மொதல்லயே சொல்லப்பிடாதா? கொஞ்சம் பதமா ஏசியிருப்பேன்லா."

"பரவால்ல அண்ணாச்சி. எங் கண்ணு முன்னால ரெண்டு வரி அடிங்க."

அடித்தார். சேமித்தார். திரை முழுக்கக் குப்பை. இரண்டு வரியும் உருத்தெரியாமல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. "பாத்தியா?" என்று எங்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். முகத்தில் கவலையைவிட வெற்றிதான் அதிகம்.

மாரியக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கணினியில், அதே இரண்டு வரியை அடித்தாள். சுத்தத் தமிழாக வந்தது.

"உன் கைக்குப் பயப்படுது" என்றார் தமிழ்செல்வன்.

"அண்ணாச்சி கை ராசி அப்படி" என்றார் காகிதம் வெட்டுகிறவர்.

"நீ சோலியப் பாருல."

மறுபடி அவர் அடித்தார், குப்பை. மறுபடி இவள் அடித்தாள், தமிழ். மாரியக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கையைப் பிடித்து இழுக்க நான் தயாரானேன். அவள் கத்தவில்லை. அவர் அப்போது வேலை செய்துகொண்டிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறக்கச் சொன்னாள். கீழேயிருந்து ஒவ்வொரு வரியாக அழித்து, ஒவ்வொரு தடவையும் சேமித்துப் பார்க்க வேண்டும். எந்த வரி போனதும் சரியாகிறதோ, கோளாறு அதில்தான். அச்சுக்குப் போகும் கோப்பு அப்படியே இருக்கட்டும், நகலில் செய்யுங்கள் என்றாள்.

தமிழ்செல்வன் அழித்துக்கொண்டே வந்தார். மண்டபம் போயிற்று. முகூர்த்த நேரம் போயிற்று. தாய்மாமன்மார் மூவரும் போனார்கள். குப்பை குப்பையாகவே இருந்தது. "மாமன்மாருலதான் கோளாறு இருக்கும்னு நெனச்சேன். எல்லாக் கல்யாணத்துலயும் அவனுவதான்" என்றார். மணமகன் போனான், மணமகள் போனாள். கடைசியில் 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பும் போயிற்று.

"முடிஞ்சிட்டு. எல்லாத்தையும் அழிச்சாச்சு. ஒண்ணுமே இல்ல. இப்பவும் சரியாகல பாரு."

அவர் அடித்த பிரதியின் உச்சியில் ஒற்றைக் குறி ஒன்று நின்றது.

"ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்ப இது என்ன?"

"இதா? இது சுழில்லா."

மாரியக்கா திரையில் அந்தக் குறியின் மேல் விரலை வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ரெண்டே வரி அடிங்கன்னு சொன்னேனே. அப்பவும் பிள்ளையார் சுழி போட்டீங்களா?"

"போடாம? கைய வச்சதும் மொதல்ல அதானே."

"ரெண்டே வரிதான், வேற ஒண்ணும் இல்லன்னு எழுதுனீங்க."

"ஆமா. ரெண்டே வரிதான். சுழிய யாராவது வரின்னு எண்ணுவானா?"

"எனக்கு மேட்டர் அனுப்பும்போது?"

"புகாருக்கு எதுக்குச் சுழி? அது என்ன நல்ல காரியமா?"

மாறி வந்த பிரதியை அவர் படமெடுத்து அனுப்பியவற்றில் சுழி இருந்திருக்கிறது. ஆனால் அதுவும் மற்றக் குப்பையோடு குப்பையாக மாறித் தெரிந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சற்றுமுன் எங்கள் கண் முன்னால் அவர் அடித்தபோதும் முதலில் சுழியைத்தான் போட்டார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பத்திரிகையின் தலையில் அது இருக்கும் என்பது அவ்வளவு பழகிப்போனதால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

உருமாற்றிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மேட்டர் எந்தப் பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதை அது முதல் வரியை வைத்துத்தான் ஊகிக்கும். முதல் வரியில் ஒற்றை எழுத்து. அதை வைத்து என்ன ஊகிக்க முடியும்? தப்பான எழுத்துருவைப் பிடித்துக்கொண்டு, முழுக் கோப்பையும் அதன்படி மாற்றித் தள்ளிவிடும்.

"அதை அழிச்சிட்டு மறுபடி தலைப்பை அடிங்க" என்றாள் மாரியக்கா.

தமிழ்செல்வன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சுழியவா?"

"இது நகல்தான் அண்ணாச்சி."

"நகல்னா பிள்ளையார் இல்லையா? கல்யாண மேட்டர் தாயி. நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு லஃபடா, வில்லங்கம்னா, உன் புகார்ப் பக்கத்துல வந்தா எழுத முடியும்?"

அவரை வற்புறுத்தி லாபமில்லை. மாரியக்கா நாற்காலியை வாங்கிக்கொண்டு புதுக் கோப்பைத் திறந்தாள். இந்தமுறை முதலில் சுழி போட்டாள். பிறகு இரண்டு வரி. சேமித்தாள். குப்பை. முதல்முதலாக அவள் கையாலேயே கெட்டது. சிரித்தாள். அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "நான் எழுதின ஒரு பரீட்சைத் தாளாவது சுழி இல்லாம இருந்திருக்குமாடீ? எனக்கே தோணலையே. ரெண்டு மாசம்!" சாயைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

சந்தின் முனையிலேயே நின்று மான்குர்த்துக்கு, ரவூப் பாய்க்குப் போன் அடித்தாள்.

"பாய், உங்க ஃபைல்ல எல்லாத்துக்கும் மேல என்ன இருக்கு?"

"பேருதான் தங்கச்சி. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு."

"அதுக்கும் மேல?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. செவன் எய்ட் சிக்ஸ் இருக்கும், பிஸ்மில்லாவுக்குப் போடுற நம்பர். அது எல்லாத்துலயும் இருக்கும்."

"அதை ஏன் பாய் எனக்கு அனுப்பலை?"

"நீங்க பாத்துட்டு டிலீட் பண்ணிடுவீங்கல்ல? அது டிலீட் ஆகக் கூடாதேன்னு எடுத்துட்டுத்தான் அனுப்புவேன்."

மாரியக்கா கைப்பேசியை நெற்றியில் வைத்து இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள். 'பிரச்சினை தெரியும் அளவுக்குக் கொஞ்சம் மட்டும் அனுப்புங்கள்' என்று புகார்ப் பக்கத்தில் எழுதி வைத்தவளும் அவள்தான். இருவரும் அவரவருக்குப் புனிதமானதை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

திருத்தம் பெரிய வேலையாக இல்லை. முதல் வரியை மட்டும் பார்க்காமல் முழுக் கோப்பையும் பார்த்து ஊகிக்கும்படி மாற்றினாள். வியாழக்கிழமை புதுப் பதிப்பு வெளியானது. தமிழ்செல்வனை அவளே கூப்பிட்டுச் சொன்னாள். "சரியா வந்தா பக்கத்துல ஒரு வார்த்தை எழுதிட்டுப் புகாரை மூடிடுங்க அண்ணாச்சி. நாளைக்கு ஒரு கம்பெனிக்காரங்க பாக்குறாங்க. என் வேலை அதுல இருக்கு."

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா? ஜோரா எழுதிடுதேன்."

ஒரு மணி நேரத்தில் எழுதினார். மறுபடி ஆங்கில எழுத்தில், ஹிந்தியில். "அப் டீக் ஹை. தோ மஹீனா குத்தே கா மாஃபிக் குமாயா." இப்போது சரி, இரண்டு மாதம் நாய் மாதிரி அலையவிட்டார்கள். புகாரை மூட மறந்துவிட்டார். மாரியக்கா கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. அவள் மூடினாள். மூடியிருப்பதைப் பார்த்ததும், என்னவோ ஏதோ என்று பழக்கத்தில் அவர் வந்து திறந்து வைத்தார்.

"இப்பவாவது அழி" என்றேன்.

"போடீ" என்று கத்தினாள். தமிழ்செல்வனிடம் கத்தாததையெல்லாம் சேர்த்து என்னிடம் கத்தினாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். எதிரே இருவர். ஓர் இளைஞன், அவனுக்கு மேலே ஷ்யாமளா என்று ஓர் அம்மாள். இளைஞன் எடுத்த எடுப்பிலேயே அந்தப் புகாரைத் திரையில் போட்டான். ஒரே புகாருக்கு இரண்டு மாதமா, அதுவும் இன்னும் திறந்தே கிடக்கிறதே என்றான். மாரியக்கா நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது என்ன குறி, அதை ஏன் எழுத வேண்டும், எழுதியதை எழுதினேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே போனான்.

ஷ்யாமளா அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார். மாதுங்காவில் வளர்ந்தவர். "எங்காத்துல மளிகைச் சீட்டைக்கூட அது இல்லாம எழுத மாட்டா" என்றார் தமிழில். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முழுக் கோப்பையும் அனுப்புன்னு கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டேன் மேடம். முழுசாத்தான் அனுப்புறதா அவர் நெனச்சார்."

ஷ்யாமளா தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது. நியமனக் கடிதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அங்கே வேலையில் இருக்கும்வரை வெளியில் எந்த மென்பொருளிலும் கை வைக்கக் கூடாது. இலவசமானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. மாரியக்கா கூப்பிட்டுக் கேட்டாள். "எனக்கும் பிடிக்கலைதான். ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா" என்றார் ஷ்யாமளா.

உருமாற்றியை ஏற்க ஆள் தேவை என்று பக்கத்தில் எழுதினாள். ஒருவரும் வரவில்லை. 'அப்படியானால் அடுத்த பதிப்பு எப்போது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். ரவூப் பாய், "துஆ செய்றேன் தங்கச்சி. அந்த வித்தையெல்லாம் நமக்கு வராது" என்றார். என்னைக் கேட்டாள். அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது என்றேன். "உன்னைப் போய்க் கேட்டேன் பாரு" என்று அடுப்பை ஓங்கி அணைத்தாள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். இனி இதைக் கவனிக்க ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தின் உச்சியில் வைத்தாள். கேட்ட வேலை கிடைத்திருக்கிறது, கூரியர் நாற்காலியை விட்டு எழுந்தாகிவிட்டது. ஆனாலும் சாயங்காலம் முழுக்கப் பாத்திரங்களை மோதி மோதிக் கழுவினாள். யார் மேல் கோபம் என்று கேட்கிற தைரியம் எனக்கும் அவள் கணவருக்கும் இல்லை.

கைப்பேசி அடித்தது. ஈரக் கையோடு ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"என்ன தாயி, கடைய மூடியாச்சுன்னு போர்டு தொங்குது?" தமிழ்செல்வன்.

"ஆமா அண்ணாச்சி. புது வேலை கெடைச்சிருக்கு. இதைத் தொடக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க."

"நல்ல வேலையா?"

"நல்ல வேலைதான்."

"அப்ப சந்தோசம்." நடுவில் காகிதம் வெட்டுகிறவரை எதற்கோ அதட்டினார். "இனிமே இது பேக்காராப் போச்சுன்னா நான் யாரை ஏச?"

"என்னையவே ஏசுங்க. பக்கம் அப்படியேதான் இருக்கும். பதில் மட்டும் வராது."

"முன்ன மட்டும் சட்டுபுட்டுன்னு வந்துச்சாக்கும்" என்றார் தமிழ்செல்வன்.